வீட்டில் வாழும் மொழி



1638ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆண்டோர் அகன்றனர்; அவர்தம் மொழியோ புதுவடிவம் பெற்றுப் பறங்கியர் இல்லங்களில் நிலைத்தது. ஆட்சிபீடத்தின் துணையின்றி அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் பெற்றோரே.

இன்றோ முதியோர் அம்மொழியிற் பேச, பிள்ளைகள் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். திருமண வீட்டுக் கஃபிரிஞ்ஞா ஆட்டம் மட்டும் மொழியைக் காக்காது. 'இதனாற் பயன் என்ன?' என வினவும் பெற்றோரே, தமிழைக் கற்பதற்குத் தாய்மொழியை மறக்கவேண்டியதில்லை.

பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் மக்களின் மொழிகளை ஒன்றாக்கவில்லை. அவரவர் தத்தம் மொழியிலேயே இறைவனின் மாபெரும் செயல்களைக் கேட்டனர்.

சிறுபான்மையினரின் துயரறிந்த தமிழராகிய நாம் அயலவர் மொழியை ஏளனஞ் செய்யாதிருப்போம். பறங்கியப் பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒரு கதையையேனும் உங்கள் மொழியிற் சொல்லுங்கள்.