பசு கறப்பது பால் இல்லையாம்!

கறந்த பாலைப் பக்கத்து வீட்டுக்கு ஊற்றுவதில் என்ன சட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் நிறைவேறி, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிப்படி, பால் விற்கும் சிறு வியாபாரி பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதில் உள்ள விதிவிலக்கோடுதான். கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து, பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குப் பதிவு வேண்டாம். 'முழுவதையும்' என்பதைக் கவனியுங்கள். எட்டு லிட்டரில் ஆறைச் சங்கத்துக்கும் இரண்டைத் தெருவுக்கும் ஊற்றினால் விலக்கு போயிற்று. அதே மாடு, அதே மடி, அதே தூக்குவாளி! தெருவுக்கு வந்த இரண்டு லிட்டருக்கு மட்டும் என்ன புது ஆபத்து வந்துவிட்டது?

அடுத்தது தரம். பசும்பால் என்றால் கொழுப்பு 3.2 சதவீதமும் இதரச் சத்து 8.3 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் 'தரம் குறைந்த உணவு'. அபராதம் ஐந்து லட்சம் வரை போகலாம். ஒரு கறவை மாட்டின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

கிராமக் கிளைகளில் இருபது வருடம் கறவை மாட்டுக் கடன் கொடுத்தவன் நான். எத்தனையோ தொழுவங்களில் நின்று கறவையைப் பார்த்திருக்கிறேன். ஒரே மாடு காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி கறக்கும். முதலில் பீச்சும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் அதிகம். கோடையில் பச்சைத் தீவனம் இல்லாவிட்டால் சத்து இறங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே 3.1 வரலாம்.

ஆனால் பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலுக்குக் கொழுப்பு 3 சதவீதம் போதும். இருமுறை சமன்படுத்தியதற்கு 1.5 சதவீதமே போதும். கொழுப்பை எடுத்து, பால் பவுடரும் தண்ணீரும் கலந்து இதரச் சத்தைச் சரிக்கட்டினால் அது சட்டப்படி சுத்தமான பால். பசு தானாகக் கொடுத்த 3.1 குற்றம்!

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய அம்மா ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மாதிரி எடுத்துப் போனார்கள், காகிதம் வந்தது, இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். அபராதம்கூட விதிக்கவில்லை. பயமே போதுமானதாக இருந்தது.

"கலப்படத்தைத் தடுக்க வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் வேண்டும். 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே நாடு முழுவதும் 6,432 மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12. அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு, கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகம் தென்பட்டது. அதில் முன்னணியில் நின்ற மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. பூசணம் பிடித்த தீவனம்தான் அதற்குக் காரணம். அப்படியானால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது தீவன மூட்டையையா, பால்கார அம்மாவின் தூக்குவாளியையா?

அமெரிக்காவில் பதப்படுத்தாத பாலை மாநில எல்லை தாண்டி விற்க 1987 முதல் தடை. மாநிலத்துக்குள் அந்தந்த மாநிலச் சட்டம். விற்பனைக்கு இடமில்லாத சில மாநிலங்களில் ஜனங்கள் மாட்டிலேயே பங்கு வாங்கி, தங்கள் மாட்டுப் பால் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொலராடோ 2005-இல் இதைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. நம் ஊர் வாரத்து மாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பச்சையாகவே குடிப்பதால், கிருமி பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் பொங்கக் காய்ச்சாமல் யார் பாலைத் தொடுகிறார்கள்?

நான் கேட்பது மூன்றே மூன்று. இரண்டு, மூன்று மாடு வைத்திருப்பவர் தெருவுக்கு ஊற்றினாலும் அந்த விலக்கைக் கொடுங்கள். சத்துக் குறைவையும் கலப்படத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அதே மாட்டை எதிரில் கறந்து சோதியுங்கள். அபராதப் புத்தகத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவரை அனுப்பி மடிநோயும் கன்றுவீச்சு நோயும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை, உங்கள் தெருவில் இன்னும் பால்காரர் வருகிறார் என்றால் அவரிடமே வாங்குங்கள். பாலை மட்டும் நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள்.