பாலைநிலப் பாட்டைகளும் மழை நீரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்குப் பகுதியில், மெக்ஸிகோ தேசத்தின் எல்லையாகிய ரியோ கிராண்டே நதியை ஒட்டி ப்ரூஸ்டர் என்னும் ஜில்லா இருக்கின்றது. அம்மாகாணத்து ஜில்லாக்களுள் பரப்பில் மிகப் பெரியது இதுவே. விஸ்தீரணம் 6,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. ஆயினும் 2020-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கு வசிப்போர் 10,000 பேருக்கும் குறைவு. ஜில்லாவின் தென்கோடியில் ஆண்டு ஒன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 10 அங்குலமே. கள்ளியும் முட்புதரும் இடையிடையே புல்லும் வளரும் அந்த வறண்ட நிலத்தில் ஆடுமாடு வளர்ப்பதே நெடுங்காலமாகத் தொழில். ஒரு மாட்டுக்குப் பல பத்து ஏக்கர் மேய்ச்சல் நிலம் வேண்டியிருப்பதால் ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மைல் கணக்கில் தூரம் உண்டு. தெற்கேயுள்ள டெர்லிங்குவா என்ற ஊரிலிருந்து ஜில்லாவின் தலைநகரமும் ஆஸ்பத்திரி உள்ள இடமுமாகிய ஆல்பைனுக்குச் செல்ல ஏறக்குறைய 80 மைல் பிரயாணம் செய்யவேண்டும்.

மாகாண சர்க்கார் தாரிட்டுப் பாதுகாக்கும் பெருஞ்சாலைகள் அங்கு சிலவே. அவற்றிலிருந்து பிரிந்து பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் செல்வன யாவும் மண் பாட்டைகள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து அப்பகுதியில் பெரும் பண்ணை ஒன்று துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஆங்காங்கே சிறு நிலக்காரர் பலர் குடியேறினர். இவர்கள் ஒன்றுகூடி ஆண்டுச் சந்தா செலுத்திப் பராமரிக்கும் பாட்டைகளின் நீளம் நூற்றுக்கணக்கான மைல்கள். இவற்றைப் பாதுகாப்பது எங்ஙனம் என்பதே விசாரிக்கத்தக்க விஷயம். இப்பாட்டைகள் கெட்டால் மாட்டை ஏற்றிச் செல்லும் லாரி மட்டுமன்றிப் பள்ளிக்கூட வண்டியும் தீயணைக்கும் வண்டியும் நோயாளியை எடுத்துச் செல்லும் வண்டியுங்கூட நடுவழியில் நின்றுவிடும்.

இத்தகைய இடங்களில் நிலமுடையோர் கூடும்போதெல்லாம் எழும் முறையீடு ஒன்றே. சந்தா செலுத்தியும் தங்கள் பாட்டைக்குக் கிரேடர் யந்திரம் வரவில்லையே என்பதுதான் அது. அகன்ற இரும்பு அலகினால் மண்ணைச் சீவிச் செல்லும் அந்த யந்திரம் எத்தனை மைல் ஓடிற்று என்பதைக் கொண்டே பராமரிப்பு நன்றா தீதா என்று அவர்கள் அளக்கின்றனர். அவ்வளவுகோல் பிழையானது. வறண்ட காலத்தில் அடிக்கடி சீவப்படுவதைப் போல் ஒரு பாலைநிலப் பாட்டையைக் கெடுக்கக்கூடிய காரியம் வேறு அதிகம் இல்லை.

காரணம் எளிதில் விளங்கும். காய்ந்த மண்ணைச் சீவினால் அது பொடியாகும். கற்களையும் மணலையும் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய மண், போகும் வண்டிகளின் பின்னால் தூசியாகப் பறந்து அயல் நிலத்தில் விழும். எஞ்சியவை பிடிப்பற்ற சரளைகளே. அலகு ஒவ்வொரு முறை செல்லும்போதும் சிறிது மண் ஓரத்தில் ஒதுங்கி வரப்பாக நிற்கும். பாட்டை அந்த அளவு தாழும். பத்தாண்டு, இருபதாண்டு இவ்வாறு நிகழ்ந்தபின் பாட்டை அக்கம்பக்கத்து நிலத்தைக் காட்டிலும் முழங்கால் ஆழம், சில இடங்களில் இடுப்பளவு ஆழம் கீழே கிடக்கக் காணலாம். அப்பொழுது அது பாட்டையன்று. மழை நீர் செல்லும் ஓடையாகவே ஆகிவிடும்.

பாலைவனத்துப் பாட்டைக்கு நீரினால் கேடு என்றால் நகைப்பவரும் உண்டு. ஆயினும் அங்கு மழை பெய்யும் விதம் கவனிக்கத்தக்கது. ஆண்டு மழையில் பெரும்பகுதி கோடை முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரையில் இடியுடன் கூடிய சில மழைகளாகவே கொட்டும். ஒரு மைல் நீளமும் 16 அடி அகலமுமுள்ள பாட்டையின் பரப்பு ஏறக்குறைய 2 ஏக்கர். அதன்மேல் ஓர் அங்குல மழை விழுந்தால் அந்நீர் 7,040 கன அடி, அதாவது ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். வண்டிச் சக்கரங்களால் இறுகிய மண்ணில் அந்நீர் எளிதில் உட்செல்லாது. பாட்டை தாழ்ந்திருந்தாலோ, இரு மருங்கிலும் வரப்பு நின்றாலோ அந்நீர் வெளியேறவும் வழியில்லை. சரிவில் மேலும் மேலும் சேர்ந்து, வேகங்கொண்டு, சக்கரத் தடங்களை அறுத்துக்கொண்டு ஓடும்.

நஷ்டம் பாட்டையோடு நிற்பதுமில்லை. மேய்ச்சல் நிலத்தில் மெல்லிய போர்வைபோல் பரவிச் செல்லவேண்டிய நீரைக் குறுக்கே கிடக்கும் தாழ்ந்த பாட்டை பிடித்துக்கொண்டு நேராக ஓடைக்குக் கொண்டுபோய் விடுகின்றது. பாட்டைக்கு மேற்புறத்தில் புல் நிற்க, கீழ்ப்புறத்தில் தரை வெறிச்சென்று கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. 10 அங்குல மழையை நம்பிப் பிழைக்கும் ஒரு பண்ணைக்காரர் தம் கைக்காசைச் செலவிட்டுத் தம் புல்லின் நீரைத் தாமே வடித்து வெளியேற்றுகின்றார். வறட்சியைக் குறித்து அவர் வருந்துவதில் பாதியாவது இதைக் குறித்து வருந்துதல் தகும்.

மண் பாட்டைகளில் துவைகல்லைப் போல் குறுக்குவாட்டில் வரிசை வரிசையாக எழும் மேடுகளே கிரேடரை அழைக்கச் செய்யும் முதற்காரணம். வண்டி அவற்றின்மேல் அதிர்ந்து ஆணிகள் கழன்றுவிடும். யந்திரம் ஓட்டுபவரின் திறமைக்குறைவே இதற்குக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன்மேல் சக்கரத்தை உருட்டிப் பார்த்தபொழுது, வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் இவ்வலைகள் தாமே தோன்றின. வண்டி வில்லும் யந்திர விசையும் இல்லாமலே அவை உண்டாயின. ஆகவே உலர்ந்த, பிடிப்பற்ற மண்ணும் வேகமுமே இதற்கு மூலம். மேடுகளின் தலையை மட்டும் சீவிப் பள்ளங்களை அந்தப் பொடியால் நிரப்பினால் சில நாட்களில் அதே இடத்தில் அதே மேடுகள் திரும்ப எழும். பள்ளத்தின் அடிவரையில் வெட்டி, ஈரம் உள்ளபோது மண்ணைப் பரப்பி இறுகச் செய்தாலொழியப் பயனில்லை. மெதுவாக ஓட்டுங்கள் என்று பலகை நாட்டுவது செலவற்ற மருந்து. அதைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஈரத்தில் வேலை செய்யும் முறை புதிதன்று. மிஸோரி மாகாணத்தில் டி. வார்டு கிங் என்ற விவசாயி 1896-இல் தம் நிலத்தின் முன்னிருந்த மண் பாட்டையில் இதைச் செய்து காட்டினார். மரக்கட்டை ஒன்றை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, சுமார் 30 அங்குல இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, குதிரைகளைக் கட்டிச் சற்றுச் சாய்வாக இழுத்துச் செல்வதே அவர் உபாயம். சேற்று வயலில் பரம்பு அடிப்பவர் எவரும் இதைப் பார்த்தவுடன் அறிந்துகொள்வர். மழை விட்டு மண் சற்று உலர்ந்து, இன்னும் பதமாக இருக்கும்போது பரம்பு செல்லவேண்டும். அப்பொழுது களிமண் பூசினாற்போல் படிந்து, காய்ந்தபின் நீர் இறங்காத மேற்பரப்பாகும். மண் சிறிது சிறிதாக நடுவை நோக்கித் தள்ளப்பட்டுப் பாட்டை ஆமை முதுகைப் போல் உயரும். அமெரிக்க விவசாய இலாகா இம்முறையை 1908-இல் தன் 321-ஆம் எண் விவசாயிகள் பிரசுரமாக வெளியிட்டது.

மிஸோரியில் மழை அதிகம். பரம்பு ஓட்டச் சந்தர்ப்பங்களும் அதிகம். பாலைநிலத்தில் ஆண்டில் சில நாட்களே மண் பதமாக இருக்கும். டெர்லிங்குவாவின் சுற்றுப்புறத்தில் ஈரம் மிகுந்தால் சோப்பைப் போல் வழுக்கும் களிமண்ணும் உண்டு. அங்கே அவசரப்படுபவர் வண்டியை இழுக்க வேறு வண்டி தேடவேண்டிவரும். எனினும் அச்சில நாட்களை நழுவவிடுவதற்கு இது நியாயமாகாது. 80 மைலுக்கு அப்பாலுள்ள காண்டிராக்டரின் யந்திரம் பதம் பார்த்து வருவதில்லை. அவருக்கு ஒழிந்த நாளில்தான் வரும். இரும்புத் தண்டவாளத் துண்டைச் சங்கிலியால் பிணைத்துத் தம் டிராக்டரிலோ ஜீப்பிலோ கட்டி இழுக்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு கிளைப் பாட்டையிலும் இருப்பாராயின், அவருக்குச் சங்கம் எண்ணெய்ச் செலவையும் கூலியையும் கொடுப்பது மிக்க அனுகூலம். பழைய டயர்களை வறண்ட காலத்தில் இழுத்துச் செல்வோரும் உளர். அது தூசியைக் கிளப்புவதன்றி வேறொன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

கிரேடர் வேண்டாம் என்பது கருத்தன்று. தாழ்ந்துபோன பாட்டைக்கு மீண்டும் உருவங்கொடுக்க அதுவே வேண்டும். ஓரத்து வரப்பை உடைத்து, அதிலுள்ள மண்ணை நடுவுக்குக் கொணர்ந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அடி ஒன்றுக்கு அரை அங்குலம் சரிவு அமைத்துவிட்டால் நீர் தங்காது. அதை ஒழுங்காக ஒரு முறை செய்தபின் நெடுநாள் அதைக் கூப்பிடவேண்டிய அவசியமே இராது.

மிகத் தாழ்ந்துவிட்ட சரிவுப் பாட்டைகளில் இது மட்டும் போதாது. நீருக்கு வழி வகுக்கவேண்டும். அமெரிக்க வன இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பில் ஸீடிக் என்பவர் நியூ மெக்ஸிகோவின் பண்ணைப் பாட்டைகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாட்டையின் குறுக்கே சற்றுச் சாய்வாக, நீண்டு அகன்ற தாழ்வு ஒன்றும், அதை அடுத்துக் கீழ்ப்புறத்தில் மெல்லிய மேடு ஒன்றும் அமைத்து, நீரை அவ்விடத்திலேயே புல்வெளிக்குத் திருப்பிவிடுவது அவர் வற்புறுத்தும் முறைகளுள் முக்கியமானது. சரிவு கடுமையாயின் இவை நெருங்கியிருத்தல் வேண்டும். குழாய்ப் பாலங்களைவிட இவை சாலச் சிறந்தவை. குழாய் முட்செடியாலும் மணலாலும் அடைபட்டுவிட்டால் ஒரே மழையில் பாட்டையும் போகும், குழாயும் போகும். தாழ்வில் அடைபட ஒன்றுமில்லை. வேகமாக ஓட்டுபவர் இத்தாழ்வுகளை வெறுக்கின்றனர் என்பது மெய்யே. குறுகலாக வெட்டினால் அவர்கள் சொல்வதும் சரி. மாட்டு வண்டியை இழுக்கும் நீண்ட டிரெயிலர்கள் அதில் அடிதட்டும். நீளமாக அமைத்தால் பிரேக் போடாமலே கடந்துவிடலாம். செலவைச் சுருக்கக் குறுக்குவதே தவறு.

உண்மையான தகராறு மண்ணில் இல்லை. நீரை வாங்கிக்கொள்ளும் நிலக்காரரிடத்தில் இருக்கின்றது. பாட்டையிலிருந்து வடியும் நீர் யாரேனும் ஒருவருடைய நிலத்தில் விழவேண்டும். தம் வேலியருகே வடிகால் திறக்கலாகாது என்று ஒருவர் மறுத்தால் அந்நீர் அடுத்த வேலிக்குச் செல்லும். அவரும் மறுத்தால் கடைசி நிலக்காரர் வாயிலில் வெள்ளமாய் நிற்கும். மறுப்பவரை முற்றிலும் குறைகூறவும் இயலாது. அரை மைல் நீரை ஒரே இடத்தில் திறந்துவிட்டதால் நிலம் வாரியடிக்கப்பட்டதைக் கண்டவர்கள் அவர்கள். ஆகையால் வடிகால்கள் சிறியனவாகவும் பலவாகவும் இருத்தல் வேண்டும். விழும் இடத்தில் கற்களை வரிசையாகப் பதித்து நீரைப் பரவச் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் வாங்கிக்கொள்பவருக்கு நஷ்டமில்லை. இரண்டு மூன்று மழைகளுக்குப்பின் அந்த இடத்துப் புல்லே அதற்குச் சாட்சி. அதன் பின்னரும் மறுப்பவருடைய பகுதிக்குச் சங்கப் பணத்தில் சரளை கொட்டுவது நியாயமன்று. சம்மதத்தை வாய்வார்த்தையாக விடாமல் எழுதிப் பதிவு செய்துகொள்வதும் அவசியம். நிலம் கைமாறியதும் வாய்வார்த்தை மறைந்துவிடும்.

டெக்ஸாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையதாதலால் இது அண்டை அயலார் பேசித் தீர்க்கக்கூடியது. நெவாடா மாகாணத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதம் நிலம் மத்திய சர்க்காருடையது. அங்கே பாட்டை ஓரத்தில் மண்வெட்டி போடுமுன் 1946-இல் ஏற்பட்ட நில நிர்வாக இலாகாவின் அநுமதி பல இடங்களில் வேண்டியிருக்கும். பொது நிலத்தினூடே வழி அமைக்கும் உரிமையை 1866-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 1976-இல் அது நீக்கப்பட்டபொழுது முன்பே ஏற்பட்ட உரிமைகள் காப்பாற்றப்பட்டன. எது முன்பே ஏற்பட்டது என்ற வழக்குகளுக்கு அதனால் குறைவில்லை.

சரளையும் சுக்கான் மண்ணும் கொட்டவேண்டும் என்ற கோரிக்கை எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது. மேற்கு டெக்ஸாஸில் சுக்கான் மண் பல இடங்களில் கிடைக்கின்றது. நனைத்து இறுக்கினால் நன்றாகக் கெட்டிப்படும். ஆனால் நீர் வடியாத பாட்டையில் அதைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நெய் வார்ப்பதே. சந்தாப் பணத்தில் முதல் பங்கு வடிகால்களுக்கும், அடுத்தது உருவங்கொடுப்பதற்கும், எஞ்சியது சரளைக்கும் செல்லவேண்டும். வழக்கமோ இதற்கு நேர்மாறாக இருக்கின்றது.

பெருமழைகள் ஜூலையில் மிகுவதால் தாழ்வுகளிலும் வடிகால்களிலும் படிந்த மணலையும் முட்செடியையும் ஜூன் மாதத்திற்குள் அகற்றிவிடுதல் நலம். மழை பெய்த இரவில் வண்டிகள் ஓடாமல் நிறுத்திவைத்தால் சக்கரத் தடங்கள் ஆழப்படா. மறுநாள் காலையில் மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்தால் உருண்டையாகவேண்டும், விரலில் ஒட்டலாகாது. அப்பொழுது பரம்பு ஓட்டலாம். வெயில் ஏறி மேல்மண் வெளுக்கத் தொடங்கியதும் அன்றைய வேலையை நிறுத்திவிடவேண்டியதுதான்.