கதவுக்குள்ளே ஒரு சிறிய உலகம்

பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் வாக்கு. மோட்டார் காரின் கதவை உட்புறத்தில் மூடியிருக்கும் பலகையைக் கழற்றப் புகுவோர்க்கு இதனிலும் சிறந்த அறிவுரை வேறில்லை. யன்னற் கண்ணாடி இறங்க மறுத்தாலும், பூட்டுப் பழுதுற்றாலும் அப்பலகையை எடுத்தேயாக வேண்டும்.

இலங்கையிலே இவ்வறிவுக்குத் தனி மதிப்புண்டு. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் நம் வீதிகளில் ஓடக் காண்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. பழைய உறுப்புகளை நாடுவோர் புறக்கோட்டையிலிருந்து சற்று அப்பால், மருதானைப் பக்கமுள்ள பஞ்சிகாவத்தைக்குச் செல்வது வழக்கம்.

பழைய கார்களின் உட்பலகை அழுத்திய மரத்தூள் அட்டையால் ஆகி, ரெக்சின் போர்த்தப்பட்டிருக்கும். இக்காலக் கார்களிலோ அது பிளாஸ்டிக். எவ்வகையாயினும் பலகையைப் பிடித்து நிற்பவை திருகாணிகளும் கிளிப்புகளுமே. ஆகவே முதலில் திருகாணிகளைத் தேடுதல் வேண்டும். கைப்பிடியின் குழியிலும், சிறு மூடிகளின் கீழும் அவை மறைந்திருக்கும். ஒன்றை மறந்து இழுத்தாலும் பலகை பிளந்துவிடும்.

கண்ணாடியைச் சுழற்றி இறக்கும் கைப்பிடியைப் பல ஜப்பானியக் கார்களில் வளைந்த கம்பி ஒன்று பிடித்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியைச் செலுத்தி, இருபுறமும் மாறி மாறி இழுத்தால் அக்கம்பி கழன்று வரும். பின்னர், ஒவ்வொரு கிளிப்புக்கும் மிக அருகிலேயே தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலைச் செருகி மெல்ல நெம்புக. தூரத்திலிருந்து நெம்பினால் கிளிப் விடாது, பலகையே முறியும். கிளிப்புகள் யாவும் விட்டபின் பெரும்பாலான பலகைகளை மேனோக்கித் தூக்கியே எடுத்தல் வேண்டும். மின்கம்பிகள் இருப்பின் அவற்றை இழுக்காது, இணைப்பை அழுத்தி விடுவிக்க வேண்டும்.

பலகையின் பின்னே ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பயனற்றதெனக் கிழித்தெறிவோர் உளர். அதுவே பெரும் பிழை. மழைநீர் கண்ணாடி வழியே கதவினுள் இறங்குவது இயல்பு. கதவின் அடியிலுள்ள துவாரங்கள் அந்நீரை வெளியேற்றுகின்றன; இத்தாள் அது வண்டிக்குள் வாராது தடுக்கிறது. தாள் கிழிந்தால் பலகை ஊறும், விரிப்பு நாறும். துவாரம் அடைபட்டால் கதவு துருவேறும். வெள்ளவத்தையின் கடற்காற்றும் பருவமழையும் அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும்போதே துவாரங்களைத் துப்புரவாக்கித் தாளை மீண்டும் இடைவெளியின்றி ஒட்டிவிடுக.

உயிரோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. விபத்தில் விரியும் காற்றுப்பைகள் புதிய கார்களின் ஆசனங்களிலும் கூரையோரத்திலும் இருக்கின்றன. சில கார்களில் மோதலை உணரும் கருவி கதவுக்குள்ளேயே உள்ளது. கதவினுள் திடீரென மாறும் காற்றழுத்தமே அதற்கு அறிகுறி. தாளில் ஓட்டை இருப்பின் அக்கருவி ஏமாறக்கூடும். எனவே இத்தகைய வண்டிகளில் கைவைக்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளரின் கையேடு குறிக்கும் நேரம் வரை காத்திருத்தல் வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகளைக் கண்டால், அவை பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை. அங்கே அனுபவமுள்ள மெக்கானிக்கின் கையே தகும்.

மீண்டும் பூட்டுமுன் கண்ணாடியையும் பூட்டையும் இயக்கிப் பார்த்துக்கொள்க. உடைந்த கிளிப்புகளை மாற்றுக. பலகையின் மேல்விளிம்பை முதலில் மாட்டி, ஒவ்வொரு கிளிப்பும் தன் துவாரத்துக்கு நேரே நிற்பதைக் கண்டபின் உள்ளங்கையால் தட்டுக. திருகாணிகள் இறுதியிலேதான். கழற்றிய வரிசையை ஒரு தாளில் குறித்துவைத்தால், அதனைக் கீழிருந்து மேலாக வாசிப்பதே பூட்டும் வரிசையாகிவிடும்.

மாணவர்களே, வேலை முடிந்தபின் ஒரு திருகாணி கையில் மிஞ்சுமாயின், அதனைச் சட்டைப்பையில் இடாதீர்கள். அதற்குரிய இடம் கதவில் எங்கோ காத்திருக்கிறது.