பிறேசிலா, ஆர்ஜென்டீனாவா? பங்களாதேஷில் ஓயாத ஒரு வாக்குவாதம்

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி ஆர்ஜென்டீனா, பங்களாதேஷின் தலைநகரான டாக்காவில் தனது தூதரகத்தை மீண்டும் திறந்தது. 1978 இல், ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி நிலவிய காலத்தில் மூடப்பட்ட தூதரகம் அது. அதன் பின்னர் நாலரைத் தசாப்த காலம் அதனைத் திறக்க வேண்டிய அவசரம் எந்த அரசாங்கத்துக்கும் ஏற்படவில்லை. அவ்வாறிருக்க, ஆர்ஜென்டீனாவின் அன்றைய வெளிவிவகார அமைச்சர் சந்தியாகோ கஃபியேரோ நேரில் வந்து அதனைத் திறந்து வைக்கும் அளவுக்கு இரு நாடுகளையும் திடீரென நெருங்கச் செய்தது எது என்று கேட்டால், பதில் சற்று விசித்திரமானது. சில வாரங்களுக்கு முன்னர் கட்டாரில் நடைபெற்று முடிந்திருந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளின் போது பங்களாதேஷ் இரசிகர்கள் எழுப்பிய ஆரவாரமே அது.

இதனை முற்றாக நம்பிவிட வேண்டியதில்லை. பங்களாதேஷ் தனக்குத் தேவையான சோயா எண்ணெயின் கணிசமான பகுதியை ஆர்ஜென்டீனாவிலிருந்தே நெடுங்காலமாக இறக்குமதி செய்து வந்துள்ளது. பதினேழு கோடி மக்களைக் கொண்ட சந்தை எந்த வெளிவிவகார அமைச்சின் கணக்கிலிருந்தும் விடுபடுவதில்லை. ஆயினும் அந்தக் கணக்கு அதற்கு முந்திய ஆண்டுகளிலும் இருந்தது. கோப்பை அலுமாரியிலிருந்து மேசைக்குக் கொண்டு வந்தவர்கள் இரசிகர்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

நடந்தது இதுதான். 2022 நவம்பர் 26 ஆம் திகதி மெக்சிக்கோவுக்கு எதிரான ஆட்டத்தில் மெஸ்ஸி கோல் அடித்தபோது, டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் பாரிய திரையின் முன் நள்ளிரவு தாண்டியும் திரண்டிருந்த சனத்திரள் துள்ளிக் குதித்த காட்சியை சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனம் தனது டுவிட்டர் பக்கத்தில் வெளியிட்டது. அக்காட்சி ஆர்ஜென்டீனாவைச் சென்றடைந்தபோது அங்குள்ளவர்கள் திகைத்தனர். தமது மொழி பேசாத, தமது நாட்டவர் எவரும் பெருமளவில் சென்று குடியேறாத ஒரு தேசத்தில் ஆயிரக்கணக்கானோர் தமது வெள்ளை, நீலச் சீருடையை அணிந்து நிற்பதை அவர்களிற் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டனர். ஆர்ஜென்டீன உதைபந்தாட்டச் சங்கம் பகிரங்கமாக நன்றி தெரிவித்தது.

நன்றியோடு விடயம் முடிந்துவிடவில்லை. ஆர்ஜென்டீன இரசிகர்கள் பதிலுக்கு ஏதேனும் செய்ய விரும்பினர். பங்களாதேஷின் உதைபந்தாட்ட அணியோ அப்போது உலகத் தரவரிசையில் 190 ஆவது இடத்தையும் தாண்டிப் பின்தங்கிக் கிடந்தது. எனவே அவர்கள் அந்நாட்டின் கிரிக்கெட் அணிக்கு ஆதரவாளர்களானார்கள். பேஸ்புக்கில் அதற்கென ஒரு குழு உருவாகிச் சில நாட்களிலேயே இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இணைந்தனர். கிரிக்கெட் மட்டையை வாழ்நாளில் தொட்டறியாதவர்கள் விக்கெட் என்றால் என்ன, ஓவர் என்றால் என்ன என்று வினவ, வங்காளிகள் பொறுமையோடு விளக்கினர். ஸ்பானிய மொழியும் வங்காள மொழியும் இயந்திர மொழிபெயர்ப்பின் தயவில் ஒன்றையொன்று தட்டுத் தடுமாறிப் புரிந்துகொண்டன. டிசம்பர் 4 ஆம் திகதி மீர்பூரில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் 136 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை இழந்திருந்த பங்களாதேஷ், கடைசி இணைப்பாட்டத்தில் 51 ஓட்டங்களைச் சேர்த்து ஒரு விக்கெட்டினால் வென்றது. கிரிக்கெட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முனைந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் வாய்த்திருக்க முடியாது.

இவ்வளவையும் வாசிக்கும் எவரும் பங்களாதேஷ் முழுவதும் ஆர்ஜென்டீனாவின் பக்கம் என்று எண்ணிவிடக்கூடும். அது பெருந்தவறு. அந்நாட்டில் பிறேசிலுக்கு உள்ள ஆதரவு ஆர்ஜென்டீனாவுக்கு உள்ளதற்குச் சளைத்ததல்ல. பெலேயைப் பற்றிய பாடமொன்றை ஆரம்ப வகுப்புகளில் படித்து வளர்ந்த தலைமுறையொன்று அங்குண்டு. அவர்களுக்குப் பிறேசில் என்பது பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமான நாடு. ஆர்ஜென்டீனா வந்து சேர்ந்தது தொலைக்காட்சி வழியாக. 1986 ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் மரடோனா இங்கிலாந்தை வீழ்த்திய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த அணியை விட்டு அதன் பின்னர் விலகவேயில்லை. முன்னாள் காலனித்துவ எசமானர்கள் தோற்ற காட்சி அது என்பதும் அந்தப் பற்றுக்கு ஒரு காரணம் என்று சொல்வோர் உளர். 2011 செப்டெம்பரில் மெஸ்ஸி தலைமையிலான ஆர்ஜென்டீனா டாக்காவுக்கே வந்து நைஜீரியாவுடன் சிநேகபூர்வ ஆட்டமொன்றில் மோதி 3-1 என வென்று சென்றது. இடையிடையே தனிவழி செல்வோரும் உண்டு. 2018 இல் மாகுரா மாவட்டத்து விவசாயி ஒருவர் ஜேர்மனிக்காக ஐந்தரைக் கிலோமீற்றர் நீளமான கொடியைத் தைத்து விரித்தார். அவர் ஒரு தனிக் கட்சி.

உலகக் கிண்ண காலத்தில் வீட்டுக்கு வீடு, கூரைக்குக் கூரை கொடிகள் ஏறுகின்றன. ஒரே வீட்டின் கூரையில் தந்தையின் பிறேசில் கொடியும் மகனின் ஆர்ஜென்டீனக் கொடியும் அருகருகே பறப்பது அங்கு அதிசயமல்ல. வாக்குவாதமும் உடன் தொடங்கிவிடும். ஆர்ஜென்டீன இரசிகன் "செவன் அப்" என்று ஒரு குளிர்பானத்தின் பெயரைச் சொன்னாலே போதும், பிறேசில் இரசிகனின் முகம் வாடிவிடும். 2014 அரையிறுதியில் ஜேர்மனியிடம் பிறேசில் 7-1 எனத் தோற்றதன் நினைவூட்டல் அது. பதிலடி தயாராகவே இருக்கும்: எங்களிடம் ஐந்து கிண்ணங்கள், உங்களிடம் எத்தனை? அவற்றில் ஒன்று கையால் அடித்த கோலின் புண்ணியத்தில் வந்ததல்லவா? 2022 நவம்பர் 22 ஆம் திகதி சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2-1 எனத் தோற்கடித்தபோது பிறேசில் தரப்பினருக்கு அது பெருநாள். டிசம்பர் 9 ஆம் திகதி குரோஷியாவிடம் பெனால்டி முறையில் பிறேசில் வெளியேறியபோது முறை மாறியது. டிசம்பர் 18 ஆம் திகதிக்குப் பின்னர் ஆர்ஜென்டீனாவின் கணக்கில் மூன்று கிண்ணங்கள். பழைய வாதங்களில் ஒன்று வலுவிழந்ததே தவிர, வாதம் ஓயவில்லை.

வாதம் எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2018 உலகக் கிண்ணத்தின் போது பிறேசில் கொடியைக் கட்ட முயன்ற 12 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி உயிரிழந்தான். அதே காலப்பகுதியில் இரு அணிகளின் இரசிகர்களுக்கிடையே மூண்ட மோதலில் தந்தையும் மகனும் வெட்டுக் காயங்களுக்கு உள்ளாயினர். 2021 ஜூலையில் கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தில் இவ்விரு அணிகளுமே மோதவிருந்த வேளையில், பிராமண்பாரியா மாவட்டத்தில் இரசிகர்கள் தம்முள் மோதிக்கொண்டனர். ஆட்டத்தை ஒன்றுகூடிப் பார்ப்பதற்குப் பொலிஸார் தடை விதிக்க நேர்ந்தது. ரியோ டி ஜெனெய்ரோவில் நடைபெறும் ஆட்டத்துக்காகப் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கிராமங்களில் பொலிஸ் காவல் என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். காயமடைந்தவர்களின் வீடுகளில் எவரும் நகைத்திருக்க மாட்டார்கள்.

ஒரே வாதம் ஓரிடத்தில் தந்தையையும் மகனையும் சிரிக்க வைக்கிறது, மற்றோரிடத்தில் கத்தியை எடுக்க வைக்கிறது. ஏன்? இரசிகர்களின் அறியாமை, வெறி, இளமைத் துடிப்பு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எமக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை. டாக்காவிலும் அதே இளைஞர்கள்தாம், அதே துடிப்புத்தான். பிராமண்பாரியா, உதைபந்தாட்டத்துக்கு அப்பாலும், குடும்பத்துக்குக் குடும்பம், ஊர்ப்பகுதிக்கு ஊர்ப்பகுதி என நெடுநாட் பகைகளும் கூட்டமாக ஆயுதமேந்தி மோதும் வழக்கமும் உள்ள மாவட்டம் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பகை முன்பே அங்கு இருந்தது. அதற்கு அணிந்துகொள்ள இரண்டு சீருடைகள் கிடைத்தன என்றே கொள்ள வேண்டியுள்ளது.

மற்ற இடங்களில் இந்த வேறுபாடு வேறெந்த வேறுபாட்டோடும் ஒட்டிக்கொள்வதில்லை. அவாமி லீக்கா, பங்களாதேஷ் தேசியவாதக் கட்சியா என்ற பிளவு அந்நாட்டின் பல்கலைக்கழகங்களையும் தொழிற்சங்கங்களையும் சட்டத்தரணிகள் சங்கங்களையும் கூடப் பல்லாண்டுகளாக இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. பிறேசிலும் ஆர்ஜென்டீனாவும் அந்தக் கோட்டின் வழியே பிரியவில்லை. முஸ்லிம், இந்து என்ற கோட்டின் வழியேயும் பிரியவில்லை. அரசியலில் எதிரெதிர் அணியில் நிற்கும் இருவர் மெஸ்ஸியின் பொருட்டு ஒரே வாங்கில் அமர்கின்றனர். அரசியலில் ஒன்றாக நிற்கும் சகோதரர் இருவர் மெஸ்ஸியின் பொருட்டு ஒரு மாதம் முறைத்துக்கொள்கின்றனர்.

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களின் கதை வேறு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் கழகம் ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளிடையே தோன்றியது. ரேஞ்சர்ஸ் கழகம் புரட்டஸ்தாந்தினரின் கழகமாகக் கருதப்பட்டது. 1989 இல் மோ ஜோன்ஸ்டனை ஒப்பந்தம் செய்யும் வரை, பகிரங்கமாக அறியப்பட்ட ஒரு கத்தோலிக்க முன்னணி வீரரை ரேஞ்சர்ஸ் நவீன காலத்தில் சேர்த்துக்கொண்டதில்லை. இரசிகர்களின் மதவெறிக் கோஷங்களைத் தடுக்கவென 2012 இல் விசேட சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 2018 இல் அது நீக்கவும் பட்டது. சட்டம் போட்டும் தீராத, சட்டத்தை நீக்கியும் தீராத விவகாரம் அது. 1990 மே 13 ஆம் திகதி ஸாக்ரெப் நகரில் டினாமோ, ரெட் ஸ்டார் கழகங்களின் இரசிகர்கள் மைதானத்தில் மோதிக்கொண்டபோது அது குரோஷியர், சேர்பியர் மோதலாகவே இருந்தது. யூகோஸ்லாவியா சிதறத் தொடங்க ஓராண்டு கூட இருக்கவில்லை அல்லது சற்றே கூடுதலாக இருந்தது எனலாம்.

எமது நாட்டிலும் உலகக் கிண்ண காலத்தில் மன்னாரிலோ, குருநகரிலோ, கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலோ, கொழும்பின் தொடர்மாடிகளிலோ பிறேசில், ஆர்ஜென்டீன வாதம் கேளாமற் போவதில்லை. தமிழர் இந்த அணி, முஸ்லிம்கள் அந்த அணி, சிங்களவர் மற்றைய அணி என்று எவராலும் வகுத்துக் கூற முடியாது. அதனாலேயே அந்த வாதம் தேநீர்க் கடையில் தொடங்கித் தேநீர்க் கடையிலேயே முடிகின்றது. கிரிக்கெட்டில் இந்தச் சலுகை எமக்கு எப்போதும் கிட்டியதில்லை. இந்தியா வென்றபோது தமிழன் கைதட்டினானா, பாகிஸ்தான் வென்றபோது முஸ்லிம் பட்டாசு கொளுத்தினானா என்பது இந்நாட்டில் வெறும் விளையாட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. அது விசுவாசத்துக்கான பரீட்சையாக இருந்தது. விரும்பிய ஆட்டக்காரனை இரசிப்பதற்கு முன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்ட தலைமுறையினர் இதனை வாசிப்போரில் பலர் இருப்பர். ஆர்ஜென்டீனாவின் சீருடையணிந்து வீதியிற் செல்லும் இளைஞனை நிறுத்தி, நீ எந்த நாட்டவன் என்று எவரும் கேட்பதில்லை.

இணையம் இந்த வேறுபாட்டை மாற்றிவிட்டதா? மாற்றவில்லை, விரைவுபடுத்தியுள்ளது என்பதே எமது அபிப்பிராயம். பங்களாதேஷ் இளைஞனையும் புவனஸ் அயர்ஸ் இளைஞனையும் சில நாட்களில் நண்பர்களாக்கிய அதே ஊடகந்தான், 2021 ஜூலை 11 ஆம் திகதி ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காகப் பெனால்டியைத் தவறவிட்ட ரஷ்போர்ட், சாஞ்சோ, சாகா ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள் மீது சில நிமிடங்களிலேயே இனவெறி வசைகளைக் குவித்தது. அங்கும் வசைக்குப் பெனால்டி ஒரு சாக்கே. வென்றிருந்தால் ஆங்கிலேயர், தோற்றபின் கறுப்பர் என்ற பழைய கோடு புல்லுக்கடியில் இருந்துகொண்டே இருந்தது. மன்செஸ்டரில் ரஷ்போர்ட்டின் சுவரோவியம் சேதமாக்கப்பட்டபோது, அதனை அன்பு மடல்களால் மூடியவர்களும் உதைபந்தாட்ட இரசிகர்கள்தாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டாக்காவின் கதைக்குத் திரும்புவோம். தூதரகம் திறக்கப்பட்ட அதே ஆண்டில் பங்களாதேஷின் கைத்தொலைபேசிப் பணப் பரிமாற்ற நிறுவனமொன்று ஆர்ஜென்டீன அணியின் பிராந்திய அனுசரணையாளரானது. ஜூலையில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்ட்டினஸ் சில மணிநேரம் டாக்காவில் தங்கிச் சென்றார். அன்பு எங்கு மிகுதியோ அங்கு வியாபாரம் விரைந்து வந்துவிடுகிறது. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஹம்சா சௌத்ரி பங்களாதேஷ் அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். ஜூனில் சிங்கப்பூருக்கு எதிராக டாக்கா தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்ற ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பி வழிந்தது. இரு கூரைக் கொடிக்காரரும் அன்று ஒரே கொடியோடு வந்திருந்தனர். பங்களாதேஷ் 2-1 எனத் தோற்றது.