‘பார்த்துக் கொடுங்கள்’ என்பது கூலி ஆகாது

சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகிய பின், சன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பதையே சொந்தத் தொழிலாகக் கொண்ட சகோதரர்களை நாம் காண்கிறோம். “எவ்வளவு?” என்று கேட்டால், அவர்களில் பலர் “நீங்களே பார்த்துக் கொடுங்கள்” என்கின்றனர். இதனை நாம் பணிவு எனக் கருதுகிறோம். உண்மையில் இது இரு தரப்பாருக்கும் மனக்கசப்பையே தருகிறது.

கூலிக்கு வேலை செய்வது மார்க்கச் சட்டத்தில் ‘இஜாரா’ எனும் ஒப்பந்தமாகும். வேலை இன்னது, கூலி இவ்வளவு என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கூலி பேசாமல் வேலை முடிந்துவிட்டால், அவ்வேலைக்கு வழக்கத்திலுள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறுகின்றனர். ஆனால் அது சச்சரவைத் தீர்ப்பதற்கான வழி. சச்சரவே எழாதிருக்க வேண்டுமாயின் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கூலியை எவ்வாறு நிர்ணயிப்பது? குடும்பச் செலவுக்கு மாதம் 24,000 ரூபாயும், பெட்ரோல், சோப்புத் திரவம், வைப்பர் ரப்பர் ஆகியவற்றுக்கு 4,000 ரூபாயும், உடல்நலமில்லாத நாள்களுக்கென 2,000 ரூபாயும் வேண்டும் எனக் கொள்வோம். மொத்தம் 30,000. மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு 1,500. நாளுக்கு இரண்டு வீடுகள் எனில் வீட்டுக்கு 750 ரூபாய். சன்னல்களின் எண்ணிக்கை, உயரம், உள்புறம் மட்டுமா இருபுறமுமா என்பவற்றைப் பார்த்து இதனைக் கூட்டலாம், குறைக்கலாம். போட்டிக்காக 400 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, பின்னர் ஓரங்களைத் துடைக்காமல் விடுவது அளவில் குறைவு செய்வதன்றி வேறென்ன?

குறையையும் முன்பே கூற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கறை பல ஆண்டுகள் படிந்திருந்தால் முற்றிலும் நீங்காது. ஏற்கெனவே கீறல் இருப்பின் வேலை தொடங்குமுன் உரிமையாளரிடம் காட்டிவிட வேண்டும். பேசிய தொகையையும் வேலையின் அளவையும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். அதுவே எழுத்து மூலமான சான்றாகும்.

தூய உடை, சொன்ன நேரத்துக்கு வருதல், தாமதமானால் தொலைபேசியில் தெரிவித்தல், அனுமதி பெற்று உள்ளே நுழைதல் ஆகியவை தொழிலின் மதிப்பை உயர்த்தும். அனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. சன்னலைத் துடைப்பவரின் கண்ணுக்கு அந்த வீட்டின் உட்புறம் முழுவதும் தெரியும். அங்கே கண்டது அமானிதம். அதனை வெளியே பேசாதவரையே மக்கள் மீண்டும் அழைப்பர்.

வேலை கொடுக்கும் நமக்கும் கடமை உண்டு. பேசிய கூலியை வேலை முடிந்தபின் குறைக்கப் பேரம் பேசுவதும், “நாளை வாருங்கள்” என அலைக்கழிப்பதும் உழைத்தவரின் உரிமையைப் பறிப்பதாகும். அடுத்த முறை ஒருவர் “பார்த்துக் கொடுங்கள்” என்றால், “இல்லை சகோதரரே, உங்கள் கூலியை நீங்களே சொல்லுங்கள்” என்று நாம் கேட்போமாக. அவர் சொல்லும் தொகை நமக்குக் கட்டுப்படியாகாவிடில், வேலை தொடங்குமுன் மரியாதையுடன் மறுத்துவிடுவோம். ஒளிவுமறைவற்ற கொடுக்கல் வாங்கலில்தான் பரக்கத் இருக்கிறது.