ஒற்றை லாரிக்காரர் முதலாளியா?

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிலே பல லாரி வைத்திருக்கும் பெரும் உடைமையாளர்களும் உண்டு. கடன் வாங்கி ஒரே ஒரு லாரி வைத்து, தாமே ஓட்டுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரையும் ஊர் ‘ஓனர்’ என்றே அழைக்கிறது. “அவருக்கென்ன, முதலாளி!” என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும்கூட எண்ணுவதுண்டு. இது சரியா?

லாரி அவர் பெயரில் இருக்கிறது. தவணை முடியும்வரை பைனான்ஸ்காரரின் பிடியில் இருக்கிறது. வாடகையைப் பேசி முடிப்பவர்கள் சரக்கு அனுப்பும் கம்பெனியும் புக்கிங் ஆபீஸ் தரகரும். டீசல் விலை, சுங்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ், டயர் விலை எதிலும் அவருக்குப் பேச்சில்லை. பள்ளிபாளையத்திலே சொந்தத் தறியில் கூலிக்கு நெய்கிறவரை நமக்குத் தெரியும். தறி அவருடையது; பாவும் நூலும் கூலி விகிதமும் வேறொருவருடையவை. ஒற்றை லாரிக்காரர் கதையும் அதே கதைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் ஒரு நடைக்கு 2,500 ரூபாய் கூடுதல் செலவு. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2017 ஜூனிலிருந்து விலையை நாள்தோறும் மாற்றலாம் என்றாகிவிட்டது. ஆனால் பேசிய வாடகை மாறாது. கூட்டிக் கேட்டால், “உனக்குப் பின்னால் பத்து லாரி நிற்கிறது” என்பதே பதில்.

அந்த நஷ்டத்தை எப்படி ஈடுகட்டுவது? ஒன்று, அதிக பாரம் ஏற்ற வேண்டும். பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இரண்டு, தூங்காமல் ஓட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒற்றை லாரிக்காரர் அதற்கு வெளியே நின்றார். அவர் கண்ணயர்ந்தால் அவர் உயிர் மட்டுமா போகிறது? வேலை முடிந்து சாலையோரம் நடந்து வரும் கூலிப் பெண்ணின் உயிரும் போகிறது.

சர்க்காருக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, பஸ் கட்டணத்தைப் போலவே சரக்கு வாடகைக்கும் மேல்வரம்பும் கீழ்வரம்பும் நிர்ணயிக்க மாநில சர்க்காருக்கு வழி செய்கிறது. பஸ் கட்டணத்துக்குப் பயன்படும் பிரிவு லாரி வாடகைக்கு ஏன் உறங்க வேண்டும்?

வெளிநாட்டு அனுபவமும் நம் முன் இருக்கிறது. பிரேசில் நாட்டில் டீசல் விலை உயர்வை எதிர்த்து 2018 மே மாதம் லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். அவர்களில் சொந்த லாரிக்காரர்கள் ஏராளம். நாடே ஸ்தம்பித்தது. அந்த ஆண்டே குறைந்தபட்ச சரக்கு வாடகைக்குச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் யாரும் இரங்கிப் போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது.

ஒற்றை லாரிக்காரருக்கும் ஒரு சொல். பல லாரி உடைமையாளரும் நீங்களும் ஒரே சங்கத்தில் உட்காரலாம். நலன் எப்போதும் ஒன்றாயிராது. வாடகை விழும்போது அவர் பத்து நடையில் தாக்குப்பிடிப்பார்; நீங்கள் ஒரே நடையில் விழுவீர்கள். உங்கள் நஷ்டத்தைக் கிளீனரின் படியில் பிடிக்காதீர்கள். அவரும் சுமை தூக்குபவரும்தான் உங்களோடு நிற்கக்கூடியவர்கள்.

டீசல் விலையோடு ஏறும் குறைந்தபட்ச வாடகை, லோடு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நாளுக்குக் கட்டாய ஹால்டிங் கூலி, ஒற்றை லாரிக்காரருக்கும் ஓய்வு நேரப் பாதுகாப்பு - இம்மூன்றும் நியாயமான கோரிக்கைகள். ஆலைத் தொழிலாளி நூற்ற நூலும், விவசாயக் கூலி தோண்டிய மரவள்ளிக் கிழங்கும் இந்த லாரிகளில்தான் போகின்றன. நாளை லாரிகள் நின்றால், “முதலாளிகள் சண்டை” என்று முகம் திருப்பாதீர்கள். நிற்பது யாருடைய லாரி, கேட்பது என்ன என்று விசாரியுங்கள். நியாயம் தெரிந்தால் தோள் கொடுங்கள்!