மிரட்டலுக்கு அஞ்சும் பிள்ளை வீட்டுக்கும் அஞ்சலாமா?

ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமாகும் ஒருவர், தானும் பள்ளி மாணவர்தான் என்று சொல்லிப் பழகுகிறார். பேச்சு இன்ஸ்டாகிராமுக்கோ டெலிகிராமுக்கோ மாறுகிறது. நைச்சியமாகப் பேசி ஓர் அந்தரங்கப் படத்தை வாங்கியதும் தொனி மாறிவிடும்: “பணம் அனுப்பு, இல்லாவிட்டால் படம் உன் வகுப்பு முழுக்கப் போகும்.” பணம் பறிக்கும் இந்த மிரட்டலில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயது வரையிலான ஆண் பிள்ளைகள் என்கிறது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மகள்களை மட்டுமே எச்சரிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை இருக்கிறது. இந்தியாவிலும் அப்படியொரு தடை வேண்டும் என்ற குரல்கள் எழுகின்றன. ஆனால், அந்தத் தடை தொடங்கியபோது வாட்ஸ்அப்பும் ரோப்ளாக்ஸ் விளையாட்டும் அதற்குள் வரவில்லை. ஒரு வாசலை மூடினாலும் மிரட்டுபவர் வேறு வாசலில் வரலாம்.

அவர் நம்பியிருப்பது பிள்ளையின் பயத்தை. ‘அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும், போனைப் பிடுங்கிவிடுவார்’ என்று நினைக்கும் பிள்ளை, வாய் திறக்காமல் பணத்தைத் திரட்டத் தொடங்குகிறது. ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

பிள்ளை சொல்லிவிட்டால் செய்ய வேண்டியவை தெளிவானவை. பணம் அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்கக் கூடாது. மிரட்டியவரின் கணக்குப் பெயரையும் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பிள்ளையின் படத்தை யோசனை கேட்பதற்காகக்கூட உறவினர்களுக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்நேரமும் அழைக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

போலீஸுக்குப் போனால் மானம் போய்விடும் என்று தயங்கும் குடும்பங்கள், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-இல் வந்த அந்தச் சட்டம் குழந்தையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே பதிவு செய்யலாம். அப்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

ஆகவே, பெற்றோர் இன்றே பிள்ளைகளிடம் ஒரு வாக்குக் கொடுக்கட்டும்: “எது நடந்திருந்தாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம்.” கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.